எல்லார் வீட்டுப் பன்றி

இரண்டு மகன்களும் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்ட பிறகு, அந்தச் சதுப்புக்காட்டு ஊரில் வசோபி அதட்டுவதற்கு மிச்சமிருந்தது அவளுடைய பன்றி ஒன்றுதான். புதிய விமானத் தளத்தின் திறப்பு விருந்துக்கு அதை வெட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. தீனி போட்டவர் அந்தக் கறியைத் தொடக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. ஆகவே மற்றவர்கள் நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள்.

"இதுக்கு ஒரு வாய் சவ்வரிசிக் களி போடாதவங்க மட்டும் முன்னாடி வாங்க" என்றாள் வசோபி.

யாரும் முன்னே வரவில்லை. முன்வரிசையில் நின்ற இளைஞன் யாபி பின்னால் நழுவினான்.

"யாபி, நீ ஏன்டா பின்னாடி போற?" என்றார் ஊர்த்தலைவர்.

"மழையில நனைஞ்சுதே, பாவம்னு கொஞ்சம் களி வெச்சுட்டேன் மாமா."

"அவனை ஏன் கேக்கறீங்க அண்ணே? விடிஞ்சா அது உங்க அடுப்படியிலதானே கெடக்குது!" என்றாள் வசோபி.

ஓராண்டாக அதை நாளுக்கொரு வீட்டுப்பக்கம் ஓட்டிவிட்டவள் அவளேதான் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தின்னத் தகுதியுள்ளவர், திறப்புக்கு முதல் விமானத்தை ஓட்டிவரும் விமானி ஒருவரே என்று கணக்குப் போட்டுக் கத்தியைத் தீட்டினார்கள்.

விமானம் வந்தது. இறங்கிய விமானி, மூக்கை நீட்டி நின்ற பன்றிக்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டார்.

விருந்துக்கு மீன் டின்களை உடைத்தார்கள்.