ஏவுகணைக்குள் ஒரு பஸ்

எண்பதுகளில், சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அறிவியல் மாத இதழுக்காக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். வாரநாட்களில் காரைக்காலில் அலுவலக வேலை. எழுத்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, கோவில்பத்து வீட்டில். செடி, காய்ச்சல், கிரகணம் என்று வந்தவரை சிக்கலில்லை. ஒருமுறை கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பற்றி வந்தது.

முதல் இரண்டு அடுக்குகளும் எரிந்து கழன்று விழுந்தன. நானும் கூடவே மேலே போய்விட்டேன். மூன்றாவதும் விழுந்தபின் ‘பஸ்’ தனியே போகிறது என்றிருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். அடுத்த பத்தியிலும் பஸ். அது திரும்புகிறது, ஒன்றை இறக்கிவிடுகிறது, மறுபடி திரும்புகிறது. அகராதியில் பஸ் என்றால் பஸ்தான்.

என் நாத்தனாரின் கணவர் பிரெஞ்சுக் கடற்படையில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கட்டுரையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“நான் கப்பல்ல கொதிகலன் பாத்தவன்மா, எனக்கென்ன தெரியும்?” என்றார். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மூணாவது மாடி விழுந்தப்புறம்...”

“மாடியாண்ணே?”

பிரெஞ்சில் ஏவுகணை அடுக்குக்கும் வீட்டு மாடிக்கும் ஒரே சொல்லாம். இப்போது என் ஏவுகணைக்கு மாடியும் இருந்தது, பஸ்ஸும் இருந்தது.

கட்டுரையோடு வந்த படத்தில், முனையின் மூடிக்குள் ஒரு தட்டின்மேல் கூம்புகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. அண்ணன் தட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இதுதாம்மா ஒன் பஸ்ஸா இருக்கணும். சின்ன எஞ்சின் போட்டிருக்கான் பாரு. ஒவ்வொரு குண்டையும் ஒவ்வொரு ஊர்ப் பக்கம் விட்டுட்டுப் போவும்.”

“ஒரே ஏவுகணை, வேற வேற ஊருக்கா?”

“ஆமா. ஒண்ணு காரைக்காலுக்கு, ஒண்ணு நாகப்பட்டினத்துக்குன்னு வச்சுக்கயேன்.”

“பஸ் பலூனும் விடுதுன்னு எழுதியிருக்கே, அது எதுக்குண்ணே?”

“அது பொய்க் குண்டு. கீழேருந்து பாக்குறவன் எது நெசம்னு கொழம்பணும்ல?”

“நான் இப்பவே கொழம்பிட்டேன்.”

அடுப்படியிலிருந்து நாத்தனார் கேட்டார்: “காரைக்காலுக்கு வர்றது நெசமா, பொய்யாங்க?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “அது தெரியாது” என்றார்.

வீட்டுக்கு வந்து, நன்றாகப் புரியாமலேயே, ‘சுமைத்தட்டு’ என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, எல்லா இடங்களிலும் ‘பேருந்து’ என்று அச்சிட்டார். எனக்கு இவ்வளவு எளிய ஆங்கிலம்கூடத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். இதழ் வெளிவந்தது. வானத்தில் பேருந்து எப்படிப் போகும் என்று ஒரு வாசகர்கூடக் கேட்டு எழுதவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டதா, ஒருவருமே படிக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.