பொம்மை மெஷினின் கைக்கு வாதம்

“…தூக்குது, மேல கொண்டு போகுது, அங்க வச்சு அப்படியே விட்டுருது. ஃபிலோமினா சொல்றா, ஒங்க மெஷினுக்கு வாதம் வந்திருக்கு நானா, எண்ணெய் போட்டு உருவுங்கண்டு. கடை நெறைய ஆளுக சிரிக்கிறாங்க. செல்வம், நீ இன்னக்கே வா.”

ரசீன் நானா போன் எடுத்தால் இப்படித்தான். முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு நானாதான். பேச்சு பாதியிலிருந்து தொடங்கும். சுகம் விசாரிப்பது கடைசியில், அதுவும் ஞாபகம் வந்தால். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய கேம் கடை. நான் அலுவிகாரையில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய் கேம் மெஷின் திருத்துகிறவன். படித்து வந்த தொழில் இல்லை. கழற்றிக் கழற்றி வந்தது.

இந்தத் தொழில் ஏறியதையும் இறங்கியதையும் நானாவின் ஒரே கடையில் நான் பார்த்துவிட்டேன். ஆரம்பத்தில் சண்டை மெஷின், கார் மெஷின் என்று சுவர் ஓரமெல்லாம் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டால் உள்ளே நிற்க இடம் கிடைக்காது. அடிக்கிற அடியில் ஜாய்ஸ்டிக் கையோடு கழன்று வரும். அதற்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சைக் கடலை மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. பிறகு நாட்டில் சில்லறைக் காசின் அளவும் எடையும் மாறின. மெஷினில் காசை வாங்கும் கொயின் மெக் புதுக்காசைக் காசென்றே ஒப்புக்கொள்ளாமல் துப்பியது. பித்தளை டோக்கன் செய்வித்துச் சமாளித்தோம். அதற்குப் பிறகு வந்த போனை எந்த டோக்கனாலும் சமாளிக்க முடியவில்லை. “முந்தி காசோட வந்தானுக, இப்ப சார்ஜரோட வாறானுக. பிளக் ஒண்டு தாங்க நானாங்கிறான்” என்பார். கொரோனாவில் கடை பூட்டு. திறந்தால் கரண்ட் கட். மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின.

மிச்சக் கடையைக் காப்பாற்றியது பொம்மை மெஷின்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சுப் பொம்மைகள்; மேலே மூன்று விரல் இரும்புக் கை; பொத்தானை அமுக்கினால் கை இறங்கி, பிடித்து, குழிக்குள் கொண்டுவந்து போடும். கொழும்பில் மூடப்பட்ட ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து நானா அதை வாங்கிவந்தார். பெண்களும் வேலை விட்டுப் போகிறவர்களும்கூட வர ஆரம்பித்தார்கள். கடை வாடகை அந்த ஒற்றை மெஷினின் தயவில்தான் போனது.

நானாவுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கோச் மாதிரி பாடம் எடுப்பார். “அவசரப்படாதீங்க. கை ஆடுது பாருங்க, ஆட்டம் நிக்கட்டும். ம்… இப்ப அமுக்குங்க!” பொம்மை விழுந்தால் அவருடைய பாடம், விழாவிட்டால் அவர்களுடைய அவசரம்.

நான் போனபோது ஃபிலோமினா அக்கா அங்கேயே நின்றார். பலாபத்வலயில் மிளகு, கராம்பு பக்கெட் பண்ணும் இடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பஸ் வரும்வரை இங்கேதான் இருப்பார். பல வாரமாக ஒரு மஞ்சள் யானையின் மேல் கண்.

“வந்துட்டாரு டாக்டர்” என்றார். “நல்லாப் பாருங்க தம்பி. எங்க மாமியாருக்கு வாதம் வந்தப்பகூட கறிச்சட்டிய விடல. இந்தக் கை ஒரு பஞ்சு யானையத் தாங்கமாட்டேங்குது.”

பின்கதவைத் திறந்து, விரல்களை இறுக்கும் காயிலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மெஷினின் மூளையான போர்டை டெஸ்டில் போட்டதும் விஷயம் விளங்கியது.

“கோளாறு இல்ல நானா. இது செட்டிங். பொம்மையப் பிடிக்கிறப்ப முழு வோல்ட் போகும். மேல தூக்கினதும் போர்டே வோல்ட்டக் கொறச்சிரும், விரல் தளர்ந்திரும். எத்தனையோ தடவைக்கு ஒருக்காத்தான் கொறைக்காம விடும். அப்ப விளையாடுறவருக்குப் பொம்மை.”

இதை விற்ற ஆள் நானாவிடம் சொல்லியிருப்பான் என்றுதான் நினைத்தேன். நானாவின் முகத்தைப் பார்த்ததும் யாரும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

“அப்ப அவங்க பொத்தான அமுக்க முந்தியே, யாருக்குண்டு மெஷின் முடிவெடுத்திருச்சா?”

“ஆமா நானா.”

“நான் நிண்டு, ஆட்டம் நிக்கட்டும், ஆட்டம் நிக்கட்டும்டு கத்தினது?”

நான் மீட்டரைப் பையில் போட்டேன். அக்காதான் சொன்னார்: “அது சும்மா பாட்டு நானா. நல்லாத்தான் பாடினீங்க.”

நானா சிரிக்கவில்லை. “அப்ப இது லொத்தர்” என்றார். கடை முன்னால் லொத்தர் டிக்கெட் மேசை போட ஒருவர் நல்ல வாடகை பேசி வந்தபோது, சூது வாசலுக்கு வெளியிலகூட வேணாம் என்று அனுப்பிவிட்ட மனிதர் அவர். “வெளியில வேணாமிண்டு சொன்னவன், உள்ளுக்கக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கேன். செல்வம், ஃபுல் வோல்ட்ல வை.”

“வச்சா ஒரு வாரத்துல பெட்டி காலி. வாடகைக்கு என்ன செய்வீங்க?”

“காலிப் பெட்டியோட ஒக்காந்திருப்பேன். வை.”

“எனக்காக வைக்காதீங்க நானா” என்று அக்கா குறுக்கே வந்தார். “நான் இனாமுக்கு நிக்கல. கஷ்டப்பட்டு எடுத்தாத்தான் எடுத்த மாதிரி இருக்கும்.”

“கஷ்டந்தானே வேணும்? கஷ்டத்த நான் தாறேன்” என்று நானா மெஷின் சாவியை எடுத்தார்.

நான் செட்டிங்கை ஃபுல் வோல்ட்டுக்கு மாற்றினேன். சில மாதம் வாடகை இழுபறியாகப் போனாலும் அந்த மெஷின் இன்றும் அங்கே ஓடுகிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆட்டம் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அந்தக் கஷ்டம் போர்டுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவருக்குத் தெரிய வேண்டும்.

அன்று நானா கண்ணாடிக் கதவைத் திறந்து, தொப்பி மேலே இடிக்கத் தலையை உள்ளே விட்டார். பொம்மைகளை ஒன்றின் காலுக்குள் ஒன்றாக, விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கி அடுக்கினார். மஞ்சள் யானையை இரண்டு கரடிகளுக்கு நடுவே வைத்துக் கழுத்துவரை அமுக்கினார். வெளியே தலையை எடுத்து ஃபிலோமினா அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடியும் கையை விட்டு, யானையின் தும்பிக்கையை மட்டும் மெல்ல மேலே இழுத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.