அண்ணன் செய்த கேபிள்

யுத்தம் முடிந்த வருடம், புளியந்தீவில் ஒரு கணினிக் கடைக்கு வீட்டிலிருந்தே நெட்வேர்க் கேபிள் செய்து கொடுக்கத் தொடங்கினேன். சுனாமியில் போன அண்ணன் முன்பு செய்துவைத்த கேபிள்தான் எனக்கு மாதிரி. உள்ளேயிருக்கும் எட்டுச் சின்ன வயர்களையும் அவர் அடுக்கிய நிற வரிசையிலேயே இரண்டு முனையிலும் அடுக்கினேன்.

முதல் கேபிளைப் பார்த்ததும் கடைக்கார அக்கா சிரித்தார்.

“வரிசை பிழைகா. ரெண்டு முனையிலயும் ஒரே பிழை, அதால வேலை செய்யுது. ஆரு பழக்கின?”

மாதிரிக்கென்று கொண்டுபோயிருந்த அண்ணனின் கேபிளை நீட்டினேன்.

“அந்தப் பெரிய இஞ்சினியரையும் கூட்டி வா” என்றபடி, திருத்துவதற்காக அதன் முனையை வெட்டப் போனார்.

“வெட்டாதீங்க அக்கா. அண்ணன் சுனாமில போயிட்டார்.”

அவர் கத்தரியை வைத்தார். கேபிளைச் சுருட்டி என் கையில் தந்தார்.

“கடைக்கு நான் சொல்ற மாதிரிச் செய். இது இப்பிடியே இருக்கட்டும்.”

இப்போது சரியான வரிசை எனக்கு மனப்பாடம். வீட்டுக் கணினியில் மட்டும் அண்ணனின் கேபிள்தான். அந்தப் பிழை இன்னும் வேலை செய்கிறது.