தார்ப்பாய்க்கு அடியில் இருந்த இன்ஜின்

இன்றைக்கும் என் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. டீசல் இன்ஜின் செய்த வேலை. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். அது கழன்று வராமல் திருப்பி அடித்து எலும்பை முறித்துவிட்டது. வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து சுற்றுவது என் பாடுதான்.

எங்கள் ஒன்றரை ஏக்கர், பண்ணைவேலை செய்த மாமனார் கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், கடைசியில் பட்டா வாங்கிய நிலம். இலவச மின்சாரத்துக்கும் அவரே எழுதிப் போட்டார். ஆட்சி மாறி மாறி வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் தெருவில் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கரண்ட் கம்பி மட்டும் வரவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பெயர் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு மானியத்தில் சோலார் பம்ப் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, அந்த வரிசையிலிருந்து விலகிவிட வேண்டும். வீட்டுக்காரர் மாசக்கணக்கில் இழுத்தடித்தார்.

"அப்பா பேரை எப்படிம்மா எடுக்கச் சொல்றே?"

"பேரை வச்சுக்கிட்டு நாத்துக்குத் தண்ணி பாய்ச்சுங்க. என் கையைக் கேக்காதீங்க."

கையெழுத்துப் போட்டார். சோலார் பலகைகள் வந்தன. முதல் நாள் சத்தமில்லாமல், புகையில்லாமல் தண்ணீர் கொட்டியதைப் பார்த்து வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். அவர் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி மாட்டுக் கொட்டகையில் வைத்தார். கண்ணில் படும்போதெல்லாம் சண்டை போட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. புதிதாய் நட்ட சம்பா நுனிகூடத் தெரியாமல் மூழ்கிவிட்டது. வடிகாலும் நிரம்பிக் கிடந்ததால் தண்ணீர் தானாக வடியாது. வரப்புக்கு மேலே இறைத்துத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பயிர் அழுகிவிடும். சோலார் பம்ப் போர்வெல் குழாயின் ஆழத்தில் கிடக்கிறது. அதைத் தூக்கி வயலில் வைக்க முடியாது. வைத்தாலும் வெயிலுக்கு எங்கே போவது?

அவர் என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினை வாடகை டிராக்டரில் ஏற்றி வரப்புக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியை எடுத்துக்கொண்டு அவரே குனிந்தார்.

"தள்ளிக்குங்க," என்றேன்.

"உன் கை..."

"கை கெடக்கட்டும். உங்களுக்கு மறுபடி குடல் இறங்குனா ஆஸ்பத்திரிக்கு நான்தான் அலையணும்."

சுற்றினேன். மணிக்கட்டு சுருக்கென்றது. வலியைவிட ஆத்திரத்தில்தான் அழுதேன். எத்தனை வருஷத்துக்கு இதையே சுற்றுவது? கடைசியில் இன்ஜின் பிடித்தது. கரும்புகை முகத்தில் அடித்தது. தண்ணீர் வரப்பைத் தாண்டி விழ ஆரம்பித்தது. பக்கத்தில் சோலார் பலகைகள், மழை கழுவிவிட்டதில், பளபளவென்று நின்றன.

"டீசல் எவ்வளவு இருக்கு?"

"அரை கேன். பொழுது சாயறதுக்குள்ள தீந்துடும்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க? பங்க்குக்குப் போயி ரெண்டு கேன் வாங்கிட்டு வாங்க."