வெளியாள் சாட்சி

செல்லூரில் விசைத்தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே, ரகசியம் பேசும் வசதி சோணையம்மாளுக்கு இல்லாமல் போய்விட்டது. அவள் ஜெபம் பண்ணினால் ஆண்டவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, அடுத்த சந்துக்குக் கேட்கும். ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்னார்கள். "இந்தப் பேர்லதான அவரு என்னயக் கூப்பிட்டாரு? ஒங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, சோணையம்மாளாகவே கரையேறினாள்.

அவள் தறிக்குத் தார்நூல் சுற்றும் பட்டறையின் முதலாளி தங்கப்பாண்டியும் அதே சபைதான். சபையின் மின்விசிறிகள் அவர் கொடுத்தவை. 'உபயம்' என்று எழுதினால் கோயில் வாடை அடிக்குமென்று, மூன்று இறக்கையிலும் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தார். சுற்றும்போது படிக்க முடியாது என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

இந்த வருஷம் மூப்பர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. "மூப்பராகிறவர் வெளியாட்களிடமும் நல்ல பெயர் எடுத்திருக்க வேண்டும். ஆட்சேபனை இருந்தால் அடுத்த ஞாயிறு சொல்லலாம்" என்றார் போதகர். வருஷாவருஷம் சொல்வதுதான். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிடுவது சபை வழக்கம். சோணையம்மாள்தான் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் வலது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

"யாரும்மா இது?" என்றார் போதகர்.

"வெளியாளுங்கய்யா. பாண்டீஸ்வரி. நீங்கதான கேட்டீக?"

"கூட்டிட்டே வரணும்னு அர்த்தமில்லம்மா..."

"பெறகு நல்ல பேரு எங்கருந்துய்யா வரும்? நமக்கு நாமளே குடுத்துக்கிறதா?"

முன்வரிசையில் தங்கப்பாண்டி சிரித்தபடி திரும்பினார். "ஏ சோணை, நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

புருஷனில்லாத அவள் வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையால்தான். அது சபைக்கே தெரியும்.

"அதப் பெறகு பேசுவோம் மொதலாளி. நீ சொல்லுடி பாண்டீசு."

"ஆறு வருசம் இவுக பட்டறையிலதான் தறி ஓட்டுனேன்" என்றாள் பாண்டீஸ்வரி. "பொங்கலுக்கு முந்தி பெல்ட்டுல கை மாட்டிக்கிருச்சு. ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, 'யாரோ எவளோ, ரோட்டுல விழுந்து கெடந்தா, தூக்கியாந்தேன்'னு இவுக சொல்லிட்டாக."

ரோட்டில் கிடந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றிய கதையைத் தங்கப்பாண்டி இதே மைக்கில்தான் சாட்சியாகச் சொல்லியிருந்தார். சபை மொத்தமும் அன்று 'ஸ்தோத்திரம்' போட்டிருந்தது. போட்டதைத் திரும்ப வாங்க வழியில்லாததால் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

போதகர் மூன்று முறை செருமிவிட்டு, தங்கப்பாண்டியை மூப்பராக்கச் சம்மதிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார். ஐந்து கைகள் எழுந்தன. நான்கு அவர் வீட்டுக் கைகள். ஐந்தாவது அவர் பட்டறைக் கணக்குப்பிள்ளையுடையது. அதுவும் தோள் வரைக்கும்தான்.

வாசலில் தங்கப்பாண்டி மறித்தார். "நாளையிலருந்து பட்டறைப் பக்கம் வராத."

"வரல மொதலாளி. ஆனா யாராச்சும் கேட்டா, சோணை எங்கிட்ட வேலை பாத்தவதான்னு சொல்லுங்க. நானும் ரோட்டுல கெடந்தேன்னு சொல்லிறாதீக."

அவள் குரலில் சொன்னது வாசலோடு நிற்குமா? தெருவே திரும்பிப் பார்த்தது.

"என்னால ஒனக்கு வேலை போச்சேக்கா" என்றாள் பாண்டீஸ்வரி.

"தறியில்லாத சந்து செல்லூருல எதுடி? நட, நாலு பட்டறையில கேட்டுட்டே வீட்டுக்குப் போவோம்."