வறண்ட வானிலை நிலவும்

மழையைச் சொல்லத்தான் மலை இருக்கிறதே, ரேடியோ எதற்கு என்பது அம்மாவின் கட்சி. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். திருத்தணி மலையும் மேலே கோயிலும் பளிச்சென்று தெரிந்தால் வெயில். மேகம் இறங்கிக் கோபுரத்தை மூடியிருந்தால் மழை. ஐப்பசி மாதத்தில் அதற்கு மேல் எவனாலும் ஒன்றும் சொல்லிவிட முடியாது என்பாள். நைனா ஒத்துக்கொள்ளமாட்டார். மலை இன்றைக்கு என்ன என்பதைத்தான் சொல்லும், எனக்கு நாளைக்கு என்ன என்று தெரிய வேண்டும் என்பார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவிவிட்டு, வெயிலில் காயவைக்க வேண்டும். விடியும்போது ஆரம்பித்தால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடியும். ஒரு வீட்டுப் பாவுக்கு எட்டுப் பேராவது வேண்டும். இன்று உன் பாவுக்கு நான் வருகிறேன், நாளை என் பாவுக்கு நீ வா என்று முறை வைத்துக்கொள்வார்கள். பாதியில் மழை பிடித்துக்கொண்டால் கஞ்சி கரைந்து, இழை இழையோடு ஒட்டிக்கொண்டு, பாவு வீணாகிவிடும்.

தெருவில் ரேடியோ இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். செல் தீர்ந்துவிடும் என்று நைனா சத்தத்தைக் கூட்டவே விடமாட்டார். சாயங்காலச் செய்தி வருகிற நேரத்தில் அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. ஆகவே உள் அறையில் ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, செய்தியின் கடைசியில் வரும் வானிலையைக் கேட்டுச் சொல்வது என் உத்தியோகம். செங்கல்பட்டு மாவட்டம் என்றால் நாங்கள். சித்தூர் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனால் மேகத்துக்கு எல்லை ஏது, அதையும் கேட்டுவைத்துக்கொள்வேன். நைனாவிடம் ஒப்பித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டு போவார்கள். வானிலைக்காரி என்று கேலிக்குத்தான் பெயர் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். மழை வருமா என்று கேட்டால் வரும், வராது என்று லேசில் சொல்லிவிடமாட்டேன். ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமானது வரை என்பேன். அவ்வளவு திமிர்.

அந்த வருஷம் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் புகுந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், புத்தூர் தாண்டி ஒரு ஊரில். நூலுக்குச் சாயம் போடுகிற பெரிய குடும்பம். அக்கா வந்து இறங்கியபோது இரண்டு உள்ளங்கையும் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. சாயத் தொட்டியிலும் காஸ்டிக் சோடாத் தண்ணீரிலும் நாள் முழுக்கக் கை வைத்தால் வேறு எப்படி இருக்கும். எனக்கு அதனால் தெரிந்த கஷ்டம் ஒன்றுதான். அவள் தலை பின்னிவிட்டால் என் முடி அவள் கை வெடிப்பில் மாட்டிக்கொண்டு சுரீரென்று இழுக்கும். அம்மா தினமும் வேப்பெண்ணெய் தடவித் தடவி, ஐப்பசி வருவதற்குள் அந்தக் கை பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது. பின்னும்போது தூக்கமே வரும்.

பாப்பா அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. அதுவும் என்னைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடி வந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்காக.

இந்த நேரத்தில்தான் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவாவிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை வந்து இரண்டு பேரையும் அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தார். ரயிலை விட்டு இறங்கினால் அவர் ஊருக்கு முன்னால் ஒரு ஆறு, பாலம் கிடையாது. மழை வரும்போல இருந்தால் சொல்லி அனுப்புங்கள், கைக்குழந்தையோடு தாண்ட முடியாது என்றும் இருந்தது. அக்காதான் படித்துச் சொன்னாள். படித்து முடித்து, மடித்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பாப்பாவின் துணியை மாற்றப் போய்விட்டாள்.

அம்மா விரல் விட்டு எண்ணினாள். எங்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளை ஒற்றைப்படை மாதத்தில்தான் அனுப்புவார்கள். ஐப்பசி மூன்றாவது மாதம், சரி. கார்த்திகை நாலாவது, ஆகாது. மார்கழி ஐந்தாவதுதான், ஆனால் மார்கழியில் யார் பெண்ணை அனுப்புவார்கள். தை ஆறாவது. ஐப்பசியை விட்டால் மாசிதான் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நானும் கூடவே எண்ணினேன். மழை வந்து ஐப்பசி தவறினால் மாசி வரைக்கும் பாப்பா எனக்குத்தான். கணக்குப் பாடத்தில் எனக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் விளங்கியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோ, வறண்ட வானிலை நிலவும் என்றது. பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டு அக்கா பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, செங்கல்பட்டு, சித்தூர் மாவட்டங்களில் பலத்த மழை என்று நைனாவிடம் சொன்னேன். நாக்கு கொஞ்சம்கூடப் புரளவில்லை. இத்தனை நாள் கேட்ட வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. நைனாவிடம் தெருவில் நீட்ட வேண்டிய பாவு ஒன்று தயாராக இருந்தது. தீபாவளிக்குள் நெய்து கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். இருந்தாலும் மழை என்றதும், வேண்டாம், இரண்டு நாள் பார்ப்போம் என்று நிறுத்திவிட்டார். தெருவே நிறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அடித்த வெயிலில் அம்மா மிளகாய் காயப்போட்டாள். சாயங்காலம் நான் தாழ்வு மண்டலத்தை நெல்லூருக்குப் பக்கத்தில் கொண்டு வந்தேன். திங்கட்கிழமைதோறும் நூல் வாங்கப் புத்தூர் போகிற எதிர்வீட்டு மாமாவிடம், புயல் வருகிறதாம், மாப்பிள்ளையை இப்போது வர வேண்டாம் என்று சொல் என நைனா சொல்லி அனுப்பினார். அவரும் சொல்லிவிட்டு வந்தார். திங்கட்கிழமையும் மலை துல்லியமாகத் தெரிந்தது. படியேறுகிறவர்களைக்கூட எண்ணிவிடலாம்போல இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்வீட்டு மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆளைக் கூட்டிப் பாவை நீட்டினார். சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அப்பளம்போலக் காய்ந்தது.

“ரேடியோவுல பெய்யற மழையில எம் பாவு நனையாதுபா” என்று அவர் நைனாவைப் பார்த்துச் சொல்ல, தெருவே சிரித்தது.

நைனா சிரிக்கவில்லை. தறியில் இருந்த பழைய பாவு முடிந்துபோய் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிற நைனாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, என்னை நம்பினார், அவ்வளவுதான். இன்றைக்கு ரேடியோ என்ன சொல்கிறதோ அதை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கென்று பார்த்து ரேடியோ, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, செங்கல்பட்டு, சித்தூர் மாவட்டங்களில் பலத்த மழை என்றது. நான் இட்டுக்கட்டியதை எங்கேயோ ஒளிந்திருந்து கேட்டு அவர்கள் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. நைனாவிடம் போய்ச் சொன்னேன். விடியற்காலையில் பாவு நீட்ட எட்டுப் பேரிடமும் சொல்லிவைத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

“நாலு நாளா அதத்தான் சொல்லிகினு கீறான்” என்றார். “நாளைக்கு நீட்டத்தான் போறேன்.”

நிஜமாகத்தான் சொன்னான் என்று நான் எந்த வாயால் சொல்வது? அப்படியானால் மற்ற நாள் என்ன என்று கேட்பாரே. பாவு போனால் தீபாவளி போச்சு, நைனாவின் வாக்கும் போச்சு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது உள்ளே இருந்து அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“வேணாம் நைனா. இன்னிக்கு நெஜமாவே மழைன்னான். நானும் கேட்டுகினுதான் இருந்தேன்.”

நைனா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அவளைப் பார்த்தார். அக்கா குனிந்து பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நைனா சரி என்று மட்டும் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு, எட்டு வீட்டுக்கும் தானே நடந்து போய், நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டு மாமா என்ன சொல்லியிருப்பார் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

புதன்கிழமை விடிந்தபோது மலையே இல்லை. மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. மூன்று நாள் பிடித்து ஊற்றியது. பாவு பிழைத்தது. பாவா ஊர் ஆறு நிரம்பி ஓடுகிறது என்று செய்தி வந்தது. வானம் வெளுத்ததும் தெருவே ஓடிவந்து எங்கள் பாவுக்குக் கை கொடுத்தது. நைனா ராப்பகலாக நெய்து முடித்தார். பாப்பாவின் முதல் தீபாவளி எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். நாலு நாளும் கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் காது உண்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஆனால் பயம் போகவில்லை. மலைக்குப் போய், இனி ஜென்மத்துக்கும் வானிலையில் பொய் சொல்லமாட்டேன் என்று முருகனிடம் தோப்புக்கரணம் போட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் பாவா வந்தார். அதிகம் பேசாத, நல்ல மனிதர். ஐப்பசியில் இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி, ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடுகிறது, வானம் நன்றாக இருந்தால் காலை ரயிலில் அழைத்துப் போகிறேன், மறுபடி மழை என்றால் நான் மட்டும் திரும்பிவிடுகிறேன், பிறகு மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மா உலையில் அரிசி போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் நான் ரேடியோவில் காதை வைத்தேன். அக்கா வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்தி முடிந்ததும் எழுந்து போனேன். பாவா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். நைனா தறியை நிறுத்திவிட்டு, என்ன சொன்னான் என்று கேட்டார். வறண்ட வானிலை என்றேன்.

“நல்லாக் கேட்டியாமா? மழை கிழைன்னு ஒண்ணும் சொல்லல?”

அவர் அப்படித் திருப்பிக் கேட்டதே கிடையாது. அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து என்னைப் பார்த்தாள். அக்காவும் பாப்பாவை கையில் ஏந்திக்கொண்டு உள் அறை வாசற்படிக்கு வந்து நின்று என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் முருகனிடம் சொன்ன சொல் இருக்கிறதே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

“ஆங், நல்லாக் கேட்டேன் நைனா. செங்கல்பட்டு, சித்தூர் ரெண்டுத்துலயும் வறண்ட வானிலைதான்” என்று பாவாவுக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னேன்.

அப்போ சரி என்றார் நைனா. தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்கா உள்ளே போய்த் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். என்னிடம் பொய்யே கிடையாது என்று மூன்று பேரும் மெச்சிக்கொண்டதாகத்தான் நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை ரயிலில் போய்விட்டார்கள். ரேடியோ சொன்னபடியே வானம் சுத்தமாக இருந்தது.

பொங்கலுக்கு அக்கா இரண்டு நாள் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். பின்னலுக்கு முதல் காலைப் பிரித்ததுமே முடி அவள் கையில் மாட்டிக்கொண்டு சுரீரென்று இழுத்தது. கொஞ்சம் மெதுவாகப் பின்னேன் அக்கா, வலிக்கிறது என்று நான் கத்தினேன். இதோ ஆயிடுச்சி, இதோ ஆயிடுச்சி என்று சொல்லிக்கொண்டு, விரலை என் தலையில் படாமல் தூக்கித் தூக்கி, அவள் பின்னி முடித்தாள்.