மூன்று ப்யூஸும் ஒரு முதல் ஆட்டமும்

என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கட்டை வைத்திருக்கிறேன். எங்கள் மின்வாரிய போர்மேன் பணி ஓய்வு பெற்ற நாளில் கொடுத்தது.

அவர் சிதம்பரத்துக்காரர். அர்ஜென்டினா கால்பந்து அணி என்றால் உயிர். கம்பத்தில் ஆள் ஏறினால், டிரான்ஸ்பார்மரின் மூன்று ப்யூஸ்களையும் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கம்பத்தடிக்கே போய்விடுவார். சுவிட்சை அணைத்தால் போதாதா, யாரை நம்பவில்லை இவர் என்று, புதிதாகப் பொறியாளர் வேலைக்கு வந்திருந்த எனக்கு எரிச்சலாக வரும்.

கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது அர்ஜென்டினாவுக்கு முதல் குழு ஆட்டம் சவுதி அரேபியாவோடு. நமக்கு மதியம் மூன்றரை மணி. அன்று பார்த்துக் கீரப்பாளையம் பக்கம் மழையில் கம்பி அறுந்துவிட்டது. மூன்றுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் அவரும் கிளம்பினார். மூன்றரை நெருங்க நெருங்க, ரோட்டில் நின்றிருந்த எனக்கு, ஆட்டம் பார்க்கக் கரண்ட் கேட்டுப் போன் ஓயவில்லை. "எல்லாரும் எறங்கிட்டாங்க மேடம்" என்று யாரோ சொன்னார்கள். போர்மேனும் ஆட்டத்தைப் பார்க்கட்டுமே என்ற ஆசை வேறு. போனிலேயே சுவிட்சைப் போடச் சொன்னேன். போட்டார்கள். கரண்ட் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பை நினைவுக்கு வந்தது. வரப்பில் ஓடினேன். கடைசிக் கம்பத்தின் உச்சியில் வயர்மேன் வெறுங்கையால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே போர்மேன் பையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா செய் மச்சான், மேட்ச் எங்கயும் ஓடிப் போவாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செய்ததைச் சொல்லி அழுதுவிட்டேன்.

"மொதல்ல போன் போட்டு சுவிட்ச ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "கரண்டு வர்ல இல்ல? அப்பறம் ஏன் அழுவுறீங்க?"

வேலை முடியும்போது ஆட்டமும் முடிந்திருந்தது. ஸ்கோரை யாரும் சொல்லிவிடக் கூடாதென்று காதைத் துண்டால் மூடிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் சிரித்தபடியே வந்தார். "தோத்துட்டானுவ மேடம். ஆனா ராத்திரி மறுபடி போட்டப்ப முழுசா பாத்துட்டேன்." பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வயர்மேனைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோற்ற அர்ஜென்டினா பிறகு கோப்பையையே தூக்கியது. எனக்கு அன்றைக்கே எல்லாம் ஜெயித்தாகிவிட்டது.

இப்போது முதுநகரில் வேலை. இந்த உலகக் கோப்பையில் ஒரு காலை ஆட்டத்தின்போது போர்மேன் போன் செய்தார்.

"மேடம், மேட்ச் பாக்குறீங்களா?"

"இல்லண்ணே. ஆளு மேல இருக்காரு."

"பை?"

கம்பத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மேஜையில் இருப்பது போன்ற மூன்று கட்டைகள், பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு உரசிக்கொண்டிருந்தன.

"மடியிலதான் இருக்கு."



"அப்ப நான் ஸ்கோர் சொல்ல மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார்.